ஹீப்ரு தொடங்கி நான்கு வாரம்: உயிர்க்குறி இல்லாமல் எப்படி வாசிப்பது?

நிலாமுற்றம்:

வணக்கம். நான் பல்கலைக்கழகத்தில் முதலாமாண்டு மாணவி. மொழிப் பாடமாக நவீன ஹீப்ரு எடுத்திருக்கிறேன், வாரத்துக்கு நான்கு வகுப்பு. 22 எழுத்தும் தெரியும், சொல்லின் கடைசியில் வந்தால் உருவம் மாறுகிற ஐந்தும் (காஃப், மேம், நூன், பே, த்ஸாதி) தெரியும். வலமிருந்து இடமாக வாசிப்பது பெரிய தொல்லையாக இருக்கும் என்று நினைத்தேன், அது இரண்டே வாரத்தில் கண்ணுக்குப் பழகிவிட்டது.

சிக்கல் போன வாரம்தான் ஆரம்பித்தது. எழுத்துக்குக் கீழேயும் மேலேயும் புள்ளியும் கோடுமாக உயிரொலியைக் காட்டுகிற நிக்குத் என்ற குறிகளை ஆசிரியர் பாடத்திலிருந்து எடுத்துவிட்டார். செய்தித்தாளிலும் தெருப் பலகையிலும் அவை இருக்காது, இப்போதே பழகுங்கள் என்கிறார். எனக்கு ஒரு வரி வாசிக்க ஐந்து நிமிடம் ஆகிறது. வகுப்பில் பாதிப் பேர் சின்ன வயதிலிருந்தே ஹீப்ரு பிரார்த்தனைப் புத்தகம் வாசித்தவர்கள், கடகடவென்று போகிறார்கள். போதாததற்கு, ஆசிரியர் சொன்னதை அப்படியே திருப்பி "அனி லோமெத்" (நான் படிக்கிறேன்) என்றேன், அது ஆண் சொல்வது, நான் "அனி லோமெதெத்" என்று சொல்ல வேண்டுமாம். "நான் படிக்கிறேன்" என்பதில்கூட ஆண் பெண் பார்க்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

பாடநூல் ஆங்கிலத்தில் இருக்கிறது, அதனால் மனதில் தமிழ், அப்புறம் ஆங்கிலம், அப்புறம் ஹீப்ரு என்று இரண்டு படி தாண்ட வேண்டியிருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் வேறு மொழிக்கு மாறிக்கொள்ளலாம். எனக்கு மாற விருப்பம் இல்லை, இந்த மொழி பிடித்திருக்கிறது. படித்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.


வேர்தேடி:

தங்கச்சி, மாற வேண்டாம். நான் இளங்கலையில் இரண்டு வருடம் ஹீப்ரு படித்தேன், உங்களுடைய இந்த நான்காவது வாரத்தை நானும் தாண்டித்தான் வந்தேன்.

முதலில் அந்தக் கடகட ஆட்களைப் பற்றி. பிரார்த்தனைப் புத்தகத்தில் நிக்குத் முழுதாக இருக்கும், அதை வாய்விட்டு வாசிக்கப் பழகியிருக்கிறார்கள். எல்லாருக்கும் பொருள் தெரியும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். என் வகுப்பில் மிக வேகமாக வாசித்த பெண்ணுக்கு "நேற்று எங்கே போனாய்" என்று கேட்கத் தெரியாது, முதல் பருவம் முடிவதற்குள் நாங்கள் எல்லாரும் ஒரே இடத்தில்தான் நின்றோம்.

இப்போது வாசிப்பு. நீங்கள் எழுத்தை ஒன்றொன்றாகக் கூட்டிப் படிக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன், ஐந்து நிமிடம் அதனால்தான் ஆகிறது. தமிழில் காலும் கொம்பும் சுழியும் இல்லாமல் "ப-ட-ம்" என்று மட்டும் எழுதியிருந்தால் அது படமா, பாடமா, பீடமா? தனியாக நின்றால் சொல்ல முடியாது. "சுவரில் ப-ட-ம் மாட்டினான்" என்றால் உங்களுக்குச் சந்தேகமே வராது. ஹீப்ரு வாசிப்பவர் செய்வது இதைத்தான். மேம்-தாலெத்-பேத்-ரேஷ் என்ற நான்கு எழுத்து "மெதபெர்" (பேசுகிறான்) என்றும் வாசிக்கலாம், "மித்பார்" (பாலைவனம்) என்றும் வாசிக்கலாம். முன்னால் "ஹு" (அவன்), பின்னால் "இவ்ரித்" (ஹீப்ரு) என்று இருந்தால் அங்கே பாலைவனத்துக்கு வேலை இல்லை. அதனால் சொல்லைத் தனியாக முறைத்துப் பார்க்காமல் வாக்கியம் முழுவதையும் ஒரு தடவை கண்ணால் ஓட்டிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

இன்னொரு பெரிய உதவி வேர், ஹீப்ருவில் "ஷோரெஷ்". பெரும்பாலும் மூன்று மெய். கா-தா-வ் என்ற வேரிலிருந்து கதாவ் (எழுதினான்), மிஃக்தாவ் (கடிதம்), க்தோவெத் (முகவரி), கதாவா (செய்திக் கட்டுரை), லிஃக்தோவ் (எழுத), ஹிஃக்திவ் (சொல்லி எழுதவைத்தான்). "ஃக" என்று நான் எழுதியிருப்பது தொண்டையில் உரசி வரும் ஒலி. ஸா-பா-ரேஷ் வேர் எனக்கு மிகவும் பிடித்தது: செஃபெர் (புத்தகம்), சிஃப்ரியா (நூலகம்), சிபூர் (கதை), மிஸ்பார் (எண்). எண்ணும் எழுத்தும் ஒரே வேரில்! உங்கள் சொல் நோட்டை அகர வரிசையில் போடாதீர்கள், வேருக்கு ஒரு பக்கம் ஒதுக்கிவிடுங்கள், புதுச் சொல் வரும்போது அது எந்தக் குடும்பம் என்று பார்த்து அந்தப் பக்கத்தில் சேருங்கள். ஒன்றரை மாதத்தில் தெரியாத சொல்லுக்கும் பாதிப் பொருள் தானாகப் பிடிபடும்.

வேர் ஒரு பாதி என்றால், அது ஊற்றப்படும் அச்சு மறு பாதி. வினைக்கு ஏழு அச்சு, "பின்யான்" என்பார்கள், கட்டடம் என்று பொருள். பெயர்ச்சொல்லுக்கும் அச்சு உண்டு. பா-தா-ஃக என்றால் திற, அதைக் கருவி அச்சில் ஊற்றினால் மஃப்தேஆஃக், அதாவது திறவுகோல். நினை, கணக்கிடு என்ற வேரை அதே அச்சில் ஊற்றினால் மஃக்ஷெவ், நம் கணினி. நாம் "கணி"யிலிருந்து கணினி செய்த மாதிரியே.

ஒன்றை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். நோட்டில் ஹீப்ரு சொல்லைத் தமிழ் எழுத்திலோ ஆங்கில எழுத்திலோ எழுதுவது. இங்கே எனக்கு வேறு வழியில்லை, அதனால் எழுதுகிறேன். தமிழில் "கன்" என்று எழுதினால் அது கிமெல் போட்ட தோட்டமா, காஃப் போட்ட "இங்கே"யா? இரண்டும் வேறு வேறு சொல், நம் எழுத்தில் ஒன்றாகிவிடுகிறது.


ஐகாரக்குறுக்கம்:

நான் ஹீப்ருவைப் பட்டத்துக்காகப் படிக்கவில்லை, ஒப்பிலக்கணத்தில் ஆர்வம், அதனால் தானே உட்கார்ந்து படித்தது. நிலாமுற்றம், உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் பட்டது அந்த இரண்டு படி தாண்டுவதுதான். ஆங்கிலப் படியை எடுத்துவிடுங்கள். உங்கள் பாடநூல் ஆங்கிலம் பேசுகிறவருக்காக எழுதியது, அவருக்குக் கஷ்டமான இடம் பல உங்களுக்குக் கஷ்டமே இல்லை.

"எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் உடைமைக்கென்று தனி வினை உண்டு, ஹீப்ருவில் கிடையாது, தமிழிலும் கிடையாது. "யெஷ் லி ஆஃக்": யெஷ் என்றால் இருக்கிறது, லி என்றால் எனக்கு, ஆஃக் என்றால் சகோதரன். அதே கட்டுமானம். "அவர் ஆசிரியர்" என்று நாம் வினையே இல்லாமல் சொல்கிறோம், அவர்களும் "ஹு மோரே" என்று நிறுத்திவிடுகிறார்கள். இறந்த காலத்தில் "கதாவ்தி" என்றால் போதும், "எழுதினேன்" என்பதில் "ஏன்" என்ற விகுதி "நான்" என்று சொல்லிவிடுவது போல அந்த "தி" சொல்லிவிடுகிறது.

அப்புறம் "எத்". இதற்குப் பாடநூலில் நிறையப் பக்கம் இருக்கும். "புத்தகம் படிக்கிறேன்" என்றும் சொல்கிறோம், "அந்தப் புத்தகத்தைப் படிக்கிறேன்" என்றும் சொல்கிறோம். எந்தப் புத்தகம் என்று குறிப்பாகத் தெரிந்தால்தான் ஐ கட்டாயமாகிறது. ஹீப்ருவும் இப்படித்தான்: "அனி கோரேத் செஃபெர்", ஆனால் "அனி கோரேத் எத் ஹசெஃபெர்". குறிப்பான செயப்படுபொருளுக்கு முன்னால் எத் வரும். நம் ஐ சொல்லோடு பின்னால் ஒட்டும், எத் முன்னால் தனியாக நிற்கும். (கோரேத் பெண் சொல்வது, ஆண் "கோரே" என்பான்.) தமிழில் உயிருள்ளவற்றுக்கு ஐ பெரும்பாலும் வந்துவிடும், ஹீப்ருவில் அந்தக் கணக்கு இல்லை, அதை மட்டும் கவனியுங்கள்.

தொகையும் அப்படித்தான். மரம், கிளை சேர்ந்தால் மரக்கிளை, முதல் சொல் கொஞ்சம் தேய்கிறது. பயித் (வீடு), செஃபெர் சேர்ந்தால் "பெய்த் செஃபெர்", பள்ளிக்கூடம். அங்கேயும் முதல் சொல்தான் தேய்கிறது, ஆனால் வரிசை நமக்குத் தலைகீழ்.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருகிறேன். பேத் என்ற எழுத்து சில இடத்தில் ப, சில இடத்தில் வ. காஃப் சில இடத்தில் க, சில இடத்தில் உரசும் ஃக. பே சில இடத்தில் ப, சில இடத்தில் ஃப. எல்லாரும் இதைக் கண்டு பயப்படுகிறார்கள். நாம் பயப்பட ஒன்றுமில்லை, நம் ககரத்தைப் பாருங்கள்: "கல்" என்னும்போது வல்லொலி, "பகல்" என்னும்போது தேய்ந்து உரசுகிறது, "பக்கம்" என்று இரட்டித்தால் மறுபடி வல்லொலி. ஹீப்ருவும் அதே: சொல் முதலில் வன்மை, உயிருக்குப் பின் மென்மை, ஒரு காலத்தில் இரட்டித்து ஒலித்த இடத்தில் வன்மை. அதனால்தான் பியெல் என்ற பின்யானில் நடு மெய் வன்மையாகவே இருக்கிறது, "சிபெர்" (கதை சொன்னான்) என்பதில் ப, "ஸஃபார்" (எண்ணினான்) என்பதில் ஃப. இன்று அந்த இரட்டிப்பு வாயில் இல்லை, அதன் தடம் மட்டும் இருக்கிறது. பேச்சு வழக்கில் விதியை மீறுகிற சொற்களும் உண்டு, அவற்றைக் கேட்டுக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

ஹிஃபில் என்ற பின்யானை உங்கள் பாடநூல் எப்படி விளக்கினாலும் நீங்கள் ஓரத்தில் "பிறவினை" என்று எழுதிவையுங்கள். ஆஃகல் உண்டான், ஹெஎஃகில் ஊட்டினான். லாவஷ் உடுத்தினான், ஹில்பிஷ் உடுத்திவிட்டான். எல்லா ஹிஃபிலும் பிறவினை ஆகாது, தொடக்கத்துக்கு இந்தப் பிடி போதும். பியெலும் சில சமயம் அந்த வேலை செய்யும்: லாமத் கற்றான், லிமெத் கற்பித்தான்.


தெற்குச்சன்னல்:

கையெழுத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அச்சில் இருக்கிற சதுர எழுத்து வேறு, கையால் எழுதுவது வேறு. கையெழுத்து ஆலெஃபும் ஷின்னும் அச்செழுத்து போலவே இருக்காது. வகுப்பில் பலகையில் எழுதுவது கையெழுத்துதான் என்றால் அதை முதல் மாதத்திலேயே கற்றுக்கொள்ளுங்கள், நான் தள்ளிப்போட்டேன், பலகையில் இருப்பதைப் படிக்க முடியாமல் ஒரு பருவம் முழுக்கப் பக்கத்தில் இருந்தவரின் நோட்டைப் பார்த்து எழுதினேன். தினமும் பத்து வரி கையால் எழுதினால் இன்னொரு நன்மை, தாலெத்துக்கும் ரேஷுக்கும், ஹே, ஹேத், தாவ் மூன்றுக்கும் அச்சில் வருகிற குழப்பம் சீக்கிரம் தீரும்.

இன்னொன்று, நிக்குத்தை ஒரேயடியாக விட்டுவிடாதீர்கள். வேர்தேடி சொல்வது சரிதான், ஆனால் அது சொல்லை ஏற்கெனவே சரியாகக் கேட்டவருக்கு. நான் குறியில்லாமல் படித்த சொற்களை என் இஷ்டத்துக்கு உச்சரித்துப் பழகிவிட்டேன், அதைத் திருத்த இரண்டு மடங்கு நேரம் ஆனது.


வேர்தேடி:

@தெற்குச்சன்னல் ஒத்துக்கொள்கிறேன். புதுச் சொல்லை முதல் தடவை நிக்குத்தோடு பார்க்க வேண்டும், ஒலியையும் கேட்க வேண்டும், அப்புறம் அதே வாக்கியத்தை நிக்குத் இல்லாமல் வாசிக்க வேண்டும். வினைகளுக்கு பெயாலிம் என்ற தளம் இருக்கிறது, ஒரு வினையின் எல்லா வடிவத்தையும் குறியோடு அட்டவணையாகக் காட்டும். சொற்பொருளுக்கு மோர்ஃபிக்ஸ். அழுத்தத்தையும் சேர்த்தே கேளுங்கள், நமக்கு அது புதிது. பெரும்பாலும் கடைசி அசையில் விழும், ஆனால் "போகெர்" என்பதில் முதல் அசையை அழுத்தினால் காலை, கடைசி அசையை அழுத்தினால் மாடு மேய்ப்பவன்.

உயிரொலியில் நமக்கு லாபம்தான். அ, எ, இ, ஒ, உ, ஐந்தே. குறில் நெடில் பார்த்துப் பொருள் மாறாது, அதனால் நான் இங்கே தமிழில் எங்கே நெடில் போட்டேன், எங்கே குறில் போட்டேன் என்று பார்த்து மனப்பாடம் செய்ய வேண்டாம்.


ஒலிவமரம்:

நான் இறையியல் மாணவன், வேதாகம ஹீப்ரு மூன்று வருடம், அப்புறம்தான் நவீன ஹீப்ரு. தங்கை கிறிஸ்தவப் பின்னணியாக இருந்தாலும் இல்லாவிட்டாலும் "அல்லேலூயா" கேட்டிருப்பீர்கள். அதில் "ஹலெலு" என்பது துதியுங்கள் என்ற பன்மை ஏவல், பியெல் பின்யான். "ஓசன்னா" இரட்சியும் என்ற வேண்டல், அது ஹிஃபில். "ஆமென்" என்பதன் வேரிலிருந்துதான் எமுனா (நம்பிக்கை), ஹெஎமின் (நம்பினான்) எல்லாம். ஆக இரண்டு பின்யான் உங்களுக்கு ஏற்கெனவே காதில் விழுந்தவை.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பழைய ஏற்பாட்டை வைத்து நவீன ஹீப்ரு படிக்கலாம் என்று யாராவது சொன்னால் முதல் வருடத்தில் கேட்காதீர்கள். ஆதியாகமத்தில் "வயோமெர்" (சொன்னான்) என்று வரிக்கு வரி வரும், வடிவத்தைப் பார்த்தால் எதிர்காலம் மாதிரி இருக்கும், பொருள் இறந்த காலம். இன்று யாரும் அப்படிப் பேசுவதில்லை, "ஹு அமார்" என்பார்கள். சொற்பொருளும் நகர்ந்திருக்கிறது. எசேக்கியேல் முதல் அதிகாரத்தில் தரிசனத்தில் ஒளிர்கிற "ஹஷ்மல்" இன்று மின்சாரம். 1 இராஜாக்கள் 10:22-இல் சாலொமோனுக்குக் கப்பலில் வந்த "துக்கி", பன்மையில் "துக்கியீம்", மயில்கள். அந்தச் சொல் நம் தோகையிலிருந்து போனது என்று ஆய்வாளர்கள் பலர் கருதுகிறார்கள். இன்றைய ஹீப்ருவில் துக்கி என்றால் கிளி! மயிலுக்கு "தவாஸ்" என்று வேறு சொல். எனக்கு அந்த வசனத்தை மூலத்தில் முதல் தடவை வாசித்த நாள் இன்னும் நினைவிருக்கிறது.

வாரக்கணக்கில் திணறுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஹீப்ருவை மறுபடி பேச்சுமொழியாக்க முன்னின்ற எலியேசர் பென் யெஹூதா 1881-இல் எருசலேமுக்கு வந்து, அடுத்த வருடம் பிறந்த மகனை ஹீப்ரு மட்டுமே கேட்டு வளரும்படி செய்தார். எழுத்திலும் வழிபாட்டிலும் வாழ்ந்த மொழி, வீட்டுப் பேச்சுக்குப் பல சொற்கள் இல்லை, ஒவ்வொன்றாக ஆக்கினார்கள். அகராதிக்கு "மிலோன்" என்ற சொல்லே மிலா (சொல்) என்பதிலிருந்து அவர் ஆக்கியது. 1922-இல், அவர் இறந்த வருடம், பாலஸ்தீனத்தில் பிரிட்டிஷ் ஆட்சியில் ஹீப்ரு ஆட்சிமொழிகளில் ஒன்றாகிவிட்டது. 1953-இல் அமைந்த ஹீப்ரு மொழிக் கழகம் இன்றும் சொல்லாக்கம் செய்கிறது. நீங்கள் கற்கிற இந்த மொழியைப் பேசிய முதல் தலைமுறையே வளர்ந்த பிறகு பேசக் கற்றவர்கள்தான்.


நிலாமுற்றம்:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாளாக வேர்ப் பக்கம் போட்டுப் பார்க்கிறேன், 14 வேர் ஆகிவிட்டது. நேற்று பாடத்தில் "மிஸ்பார்" குறியில்லாமல் வந்தது, தானாக வாயில் வந்துவிட்டது. "யெஷ் லி" பகுதியை வகுப்பில் எல்லாரும் திரும்பத் திரும்பக் கேட்டார்கள், எனக்கு ஒரு தடவையில் புரிந்தது. ஐகாரக்குறுக்கம் ஐயா, அந்த பகல், பக்கம் விளக்கத்தை நான் என் ஆசிரியரிடம் சொன்னேன், அவர் என்னைத் தமிழில் இரண்டு சொல்லையும் சொல்லச் சொல்லிக் கேட்டார்.

இப்போது பயம் எண்ணுப்பெயரிலும் பாலிலும். "ஷ்லோஷா பானிம்" மூன்று மகன்கள், "ஷலோஷ் பானோத்" மூன்று மகள்கள். "ஆ" என்று முடிந்தால் பெண்பால் என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, எண்ணில் மட்டும் அது ஆண்களோடு போகிறதே? மேசைக்கும் கல்லுக்கும் பால் எப்படி நினைவு வைப்பது?


ஐகாரக்குறுக்கம்:

எண்ணில் அது தலைகீழ்தான், அரபி முதலிய உறவு மொழிகளிலும் இருக்கிற பழைய பண்பு. இஸ்ரேலில் பிறந்து வளர்ந்தவர்களே பேச்சில் பெண்பால் எண்ணை ஆண்பாலோடு சேர்த்துவிடுவதுண்டு, தேர்வில் நீங்கள் அப்படி எழுத முடியாது. சும்மா எண்ணும்போதும் தொலைபேசி எண் சொல்லும்போதும் பெண்பால் வடிவம்தான்: அஹாத், ஷ்தாயிம், ஷலோஷ். முதலில் அதை மட்டும் வாயில் ஓட விடுங்கள். ஆண்பால் வரிசையை அடுத்த மாதம் பார்க்கலாம்.

பாலுக்கு நம் இலக்கணம் உதவாது. நமக்கு மேசை அஃறிணை, முடிந்தது. ஹீப்ருவில் அஃறிணை இல்லை, எல்லாம் ஆண் அல்லது பெண், பன்மை விகுதியை (ஆணுக்கு இம், பெண்ணுக்கு ஓத்) நம்பினாலும் மோசம்: ஷுல்ஹான் (மேசை) ஆண்பால், பன்மை ஷுல்ஹனோத், ஷனா (ஆண்டு) பெண்பால், பன்மை ஷனிம். கல், "எவென்", பார்க்க ஆண்பால் போல இருக்கும், ஆனால் பெண்பால். கை, கால், கண், காது போல இரட்டையாக உள்ள உறுப்புகள் பெரும்பாலும் பெண்பால். அதனால் பெயரைத் தனியாகப் படிக்காதீர்கள், "பெரிய" என்ற சொல்லோடு சேர்த்தே படியுங்கள்: ஷுல்ஹான் காதோல், எவென் க்தோலா, இர் க்தோலா (பெரிய நகரம்). அடைமொழி பின்னால் வந்து பாலைக் காட்டிக்கொடுத்துவிடும்.


தெற்குச்சன்னல்:

அந்தப் "பெரிய" உத்தி எனக்கும் உதவியது. கூடவே, உங்களைப் பற்றிய வாக்கியங்களை ஒரு பெண் குரலில் கேட்டுப் பழகுங்கள். இணையத்தில் இஸ்ரேலின் பொது ஒலிபரப்பு நிறுவனமான "கான்" நடத்தும் வானொலி கிடைக்கும், பெண் அறிவிப்பாளர் பேசுவதைத் தினம் பத்து நிமிடம் கேளுங்கள், முதலில் பொருள் புரியாவிட்டாலும் பரவாயில்லை. "அனி லோமெதெத், அனி கோதெவெத், அனி கோரேத்" என்று உங்கள் வாய்க்கு அந்த முடிவு பழகிவிட்டால் ஆசிரியர் ஆண் வடிவத்தில் கேட்டாலும் நீங்கள் பெண் வடிவத்தில்தான் பதில் சொல்வீர்கள்.


நிலாமுற்றம்:

சரி அக்கா, இன்று இரவிலிருந்து கேட்கிறேன். மாற்ற விண்ணப்பம் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமை 30 சொல் சிறு தேர்வு, நிக்குத் இல்லாமல். எல்லாப் பெயரையும் "பெரிய" சேர்த்து எழுதி வைத்திருக்கிறேன், ஒன்றில் மட்டும் சந்தேகம்: "லைலா" (இரவு) ஆ என்று முடிகிறது, அப்படியானால் பெண்பாலா?


ஐகாரக்குறுக்கம்:

இல்லை, ஆண்பால். அழுத்தம் முதல் அசையில் விழுகிறது பாருங்கள், லைலா. அந்த ஆ பெண்பால் விகுதி இல்லை. "லைலா தோவ்" என்றுதான் இரவு வணக்கமே சொல்கிறார்கள், "தோவா" இல்லை. லைலா தோவ்.